விதேனிஸின் ஐந்து சென்டிமீட்டர்

ஷிலுப்பே கூடைப்பந்துக் கிளப்பில் பதினேழு வருடமாக நான்தான் செயலாளர். செயலாளர் என்றால் தட்டச்சு. நானாகப் பொய் எதுவும் சொல்வதில்லை. மற்றவர்கள் சொல்வதைத் தட்டச்சு செய்வதோடு சரி. மனசாட்சியை இப்படித்தான் இத்தனை வருடம் பழுதில்லாமல் வைத்திருந்தேன். போன ஆகஸ்டில் ஒரு எண்ணைத் தட்டினேன், கெட்டது.

விதேனிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. உயரம் இருநூற்று மூன்று சென்டிமீட்டர். சட்டை தைக்க அளவு எடுக்கும் நாடாவோடு நாற்காலி மேல் ஏறி நின்று, ஷூவைக் கழற்றச் சொல்லி, நானே அளந்தேன். அந்த அரை நிமிடம்கூட அவனால் சும்மா நிற்க முடியவில்லை. ஒரு குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. அவன் நின்றால் கால் ஆடும், உட்கார்ந்தால் முட்டி ஆடும், கையில் ஒன்றும் இல்லாவிட்டால் விரல் தானாகப் பந்து தட்டும்.

"அக்கா, முதல் மேட்ச் எப்போ?"

"செப்டம்பர் இருபத்தேழு."

"அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்லையா?"

"அதுக்கு முன்னாடி ஒண்ணு இருந்தா இது ரெண்டாவது மேட்ச் ஆயிடும்ப்பா. கையெழுத்துப் போடு."

மூன்று வருட ஒப்பந்தம். வேறு எந்த கிளப்புக்கும் போக முடியாது. லீக் விதி ஒன்றையும் படித்துக் காட்டினேன்: புது ஆட்டக்காரர் ஜனவரி முப்பத்தொன்றுக்குள் ஒரு நிமிடமாவது களமிறங்கவில்லை என்றால் அந்த சீசன் முழுவதும் பதிவேட்டில் அவர் பெயர் இருக்காது. அவன் சிரித்தான். "ஒரு நிமிஷமா? கோச் என்னை உட்கார வெச்சாதானே."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பதினெட்டு கிலோமீட்டரில் ராடுவா என்ற ஊர் இருக்கிறது. எங்களுக்கும் அவர்களுக்கும் எப்போதிலிருந்து ஆகாது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அந்த வாரம் திங்கட்கிழமை ராடுவாக்காரர்கள் ஒருவனை எடுத்திருந்தார்கள். உயரம் இருநூற்று ஏழு என்று செய்தித்தாளில் போட்டிருந்தது. புதன்கிழமை எங்கள் தலைவர் ஆல்கிமண்டாஸ் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். புகைபோட்ட இறைச்சித் தொழிற்சாலை வைத்திருப்பவர்; மைக்கைப் பிடித்தால் அதிலும் கொஞ்சம் புகை வரும்.

"நண்பர்களே," என்றார், "நம்ம ஊரு எதுலயும் யாருக்கும் ஒரு சென்டிமீட்டர்கூடக் கொறஞ்சது இல்ல. இந்தப் பையன் இருநூத்தி எட்டு."

கூட்டம் கை தட்டியது. நான் அவர் காதருகே குனிந்தேன். "தலைவரே, நான் அளந்தேன். மூணுதான்."

"டானுட்டே, ராடுவாக்காரன அந்த ஏழுக்கு எவன் அளந்தான்னு நெனைக்கிற?"

"அதுக்காக?"

"அதுக்காகத்தான். ஞாயித்துக்கிழமை சர்ச்சு வாசல்ல ராடுவா மச்சினன் மூஞ்சியில நான் முழிக்கணும். தட்டு."

தட்டினேன். எங்கள் லீக்கில் இது புதிதும் இல்லை. ஆட்டக்காரனின் உயரத்தை ஷூவோடு அளப்பார்கள், தலைமுடியோடு அளப்பார்கள், சில கிளப்புகளில் நம்பிக்கையோடும் அளப்பார்கள். எல்லோரும் எல்லோருக்கும் சேர்த்தே பொய் சொல்வதால் கணக்கு எப்படியோ சரியாக வந்துவிடும். செப்டம்பரில் கிளப் டாக்டர் புது ஆட்டக்காரரை அளந்து லீக்குக்கு எழுத வேண்டும். பதிவேட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்து அதையே எழுதுவதுதான் அளப்பது.

அந்தச் செப்டம்பரில் இரண்டு நாள் நல்ல மழை பெய்து சனிக்கிழமை வெயில் அடித்தது. புத்தியுள்ளவர்கள் எல்லோரும் விடியும் முன்பே கூடையோடு காட்டுக்குக் காளான் பறிக்கப் போய்விட்டார்கள். எங்கள் டாக்டரும் போனார். ஆட்டக்காரரை அளக்கும் நாள் அன்றுதான் என்பது அவருக்கு நினைவில்லை. எனக்கும் இல்லை, நானும் காட்டில்தான் இருந்தேன். தலைநகரிலிருந்து லீக் ஆய்வாளர் ஒருவர் அன்று வந்திருக்கிறார். பாவம், அவருக்குக் காளான் ஒத்துக்கொள்ளாதாம். பூட்டிய மருத்துவ அறையையும், வெளியே சுவரில் பந்து தட்டிக்கொண்டிருந்த விதேனிஸையும் பார்த்தவர், சும்மா திரும்புவானேன் என்று தன் காரில் இருந்த அலுமினியக் கோலை எடுத்து அளந்துவிட்டுப் போனார்.

அவர் எழுதியது 203.

இருபத்தாறாம் தேதி, முதல் மேட்சுக்கு முந்தின நாள், லீக்கின் உடலளவு ஆணையம் எங்களைக் கூப்பிட்டது. ஆணையத் தலைவர் ஹென்ரிகாஸ் ஒருகாலத்தில் ஆடியவர். பழைய ஆவணங்களில் அவர் உயரம் நூற்றுத் தொண்ணூற்றாறு. எழுந்து நின்றபோது என்னைவிடக் கொஞ்சம்தான் உயரமாகத் தெரிந்தார். நான் நூற்று எழுபத்தெட்டு. தலைவர் ஆல்கிமண்டாஸ் வாசலில் நின்றபடியே கை நீட்டினார். வாசற்படிக்குக் குறுக்கே கை கொடுத்தால் சண்டை வரும் என்று ஹென்ரிகாஸ் அவரை உள்ளே இழுத்து, பிறகுதான் கை கொடுத்தார். அந்த ஒரு விஷயத்தில் ஆணையம் எச்சரிக்கையாகத்தான் இருந்தது.

"ஆகஸ்ட்ல இருநூத்தி எட்டு," என்று கோப்பைப் பார்த்துப் படித்தார். "செப்டம்பர்ல இருநூத்தி மூணு. அஞ்சு சென்டிமீட்டர் எங்க போச்சு?"

அறையில் இருந்த ஏழு பேருக்கும் எங்கே போனது என்று தெரியும். நான் நடவடிக்கைக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன். பேசுவது என் வேலை இல்லை.

விதேனிஸ்தான் சொன்னான். "சார், நான் எப்பவுமே இருநூத்தி மூணுதான்."

ஹென்ரிகாஸ் அவனைக் கனிவோடு பார்த்தார். "தம்பி, அது உன் அபிப்பிராயம். எங்ககிட்ட இருக்கறது ஆவணம். உன் தலைவர் கையெழுத்து, கிளப் முத்திரை, எல்லாம் இருக்கு. அவரு பொய் சொல்றாருங்கறியா?"

விதேனிஸ் தலைவரைப் பார்த்தான். தலைவர் கூரையைப் பார்த்தார்.

"இல்ல சார்."

"அப்போ நீ கொறஞ்சிருக்க."

விதியைப் புரட்டினார்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் என்ன செய்வது என்று இருந்தது. வளர்ந்திருந்தால் பாராட்டுக் கடிதம். குறைந்திருந்தால் என்ன என்று எழுதவில்லை. அப்படி ஒரு மனிதன் வருவான் என்று விதி எழுதியவர்கள் நினைக்கவில்லை. அரை மணி நேரம் யோசித்துவிட்டு அதைக் காயம் என்ற தலைப்பில் சேர்த்தார்கள். உயரம் திரும்பும் வரை ஓய்வு. தலைவர் ஆல்கிமண்டாஸ் பெருமூச்சு விட்டார். பொய் என்று வந்திருந்தால் கிளப்புக்கு அவமானம். காயம் என்றால் அனுதாபம்.

மறுநாள் மேட்சில் விதேனிஸ் கோட்டுப் போட்டுக்கொண்டு பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்தான். அவன் முட்டி ஆடியதில் பெஞ்சும் சேர்ந்து ஆடியது. "டேய், நாங்க ஆடவா, நீ ஆட்டறியா?" என்றார் கோச் ஸ்டாசிஸ். அப்போதும் முட்டி நிற்கவில்லை.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை அதன் பிறகுதான். லீக் ஒரு முதுகெலும்பு நிபுணரை அனுப்பியது. அவர் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: "குதிப்பியா?"

"கூடைப்பந்து ஆடறேன் டாக்டர்."

"அதான் காரணம். குதிச்சுக் கீழ வரும்போது முதுகெலும்பு அமுங்குது. இனிமே குதிக்கக் கூடாது. ஓடக் கூடாது. ரொம்ப நேரம் உட்காரவும் கூடாது."

"பின்ன என்ன செய்யறது?"

"தொங்கு."

தினமும் காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம், பயிற்சிக்கூடத்துக் கம்பியில் தொங்கினான். கீழே அவன் அணிக்காரர்கள் ஓடி ஆடிக்கொண்டிருப்பார்கள். இவன் மேலே சலவைத் துணி போலத் தொங்கியபடி, "இடது பக்கம் ஆள் இருக்கு, இடது பக்கம்," என்று கத்துவான். சத்தம் போட்டாலும் முதுகு அமுங்கும் என்று நிபுணர் அதையும் நிறுத்தினார். வெளியூர் மேட்சுக்குப் பேருந்தின் கடைசி வரிசையில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். போக வேண்டாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. காயம்பட்டவர் அணியோடு இருந்தால் மனம் தேறும் என்று விதி சொல்கிறது.

வெள்ளிக்கிழமைதோறும் நான் ஓர் அறிக்கை தட்டச்சு செய்தேன். 'விதேனிஸ் உயரம் இந்த வாரம் 203.3. முன்னேற்றம் திருப்திகரம்.' மனிதனுக்குக் காலையில் உயரம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்று யாரோ சொல்ல, அளக்கும் நேரத்தைக் காலை ஆறு மணிக்கு மாற்றினார்கள். ஒரு வாரம் 203.9 வந்தது. ஊரே கொண்டாடியது. அடுத்த வாரம் 203.4. ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றவர்கள் அவனைத் திட்டினார்கள். "ராத்திரி சவுனா நீராவிக் குளியலுக்குப் போயிருப்பான். சூட்டுல சுருங்கியிருப்பான்," என்றாள் ஒருத்தி. "சூட்டுல விரியும்மா," என்றான் பின்னால் நின்றவன். இரண்டு கட்சியாகப் பிரிந்து கார் நிறுத்துமிடம் வரைக்கும் வாதாடினார்கள். எங்கள் ஊரில் கூடைப்பந்து தெரியாதவர் என்று யாரும் கிடையாது. அக்டோபரிலிருந்து முதுகெலும்பு தெரியாதவரும் இல்லை.

பெண்கள் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை கொண்டுவந்து கொடுத்தார்கள். தலைவர் தன் தொழிற்சாலையிலிருந்து வாரம் ஐந்து கிலோ உப்பிட்ட பன்றிக் கொழுப்பு அனுப்பினார். பக்கவாட்டில்தான் பலன் தெரிந்தது.

இதற்கிடையில் எங்கள் அணி வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தது. கோச் ஸ்டாசிஸ் ஒருநாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "இந்த லீக்ல பந்து எங்க வரும்னு முன்னாடியே தெரிஞ்சவன் ஒருத்தன்தான் இருக்கான் டானுட்டே. அவனைக் கம்பியில மாட்டி வெச்சிருக்கோம்."

"நீங்க ஆணையத்துக்கிட்ட சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்வேன்? நான் ஆடின காலத்துல பதிவேட்டுல நூத்தித் தொண்ணூத்தி ஒம்போது. எழுந்து பேசினா முதல்ல என்னை அளப்பாங்க."

டிசம்பரில் விதேனிஸ் மெலிந்துவிட்டான். கொழுப்பும் போனது, சிரிப்பும் போனது. கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. ஜனவரி நடுவில் என் அறை வாசலில் வந்து நின்றான். உட்காரச் சொல்ல முடியாது, தடை.

"அக்கா, ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் போதும். அதுவும் கெடைக்கலைன்னா அடுத்த வருஷம் வரைக்கும் பேரே இருக்காது. இருபது வயசுல மறந்துபோன ஆள் ஆயிடுவேன்."

நான் காகிதத்தை அடுக்கினேன்.

"அன்னிக்கு நாற்காலி மேல ஏறி அளந்தது நீங்கதானே?"

"நான்தான்."

"அதைச் சொல்லுங்க. வேற யாரும் சொல்ல மாட்டாங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. பதினேழு வருடத்தில் முதல் முறையாக என் விரல்கள் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. ஆணையத்துக்கு நானே மனு எழுதினேன். ஜனவரி இருபத்தொன்பதுக்கு விசாரணை வைத்தார்கள்.

அன்று எழுந்து நின்று சொன்னேன். "அந்த 208 தப்பு. தட்டினது நான். அவன் அப்பவும் இருநூத்தி மூணு, இப்பவும் இருநூத்தி மூணு. அவனுக்கு ஒரு நோயும் இல்ல. ஆட விடுங்க."

தலைவர் ஆல்கிமண்டாஸ் இருமினார். ஹென்ரிகாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அம்மா, உங்க நல்ல மனசு புரியுது. ஆனா யோசிச்சுப் பாருங்க. நீங்க சொல்றது நிஜம்னு வெச்சா, இந்த அலமாரியில இருக்கற எல்லாக் காகிதமும் வெறும் காகிதம்னு ஆயிடும். நாளைக்கு எல்லாரையும் அளக்கணும்னு ஒருத்தன் வருவான். அளந்தா என்ன ஆகும்? இந்த நாட்டுல ஒரே ராத்திரியில நூத்தி எண்பது பேர் கொறைவாங்க. அத்தனை பேருக்குத் தொங்கக் கம்பி எங்க இருக்கு? அதனாலதான் அந்த ஆய்வாளர்கிட்ட இருந்து கோலை வாங்கிப் பூட்டி வெச்சிருக்கோம். ஆரோக்கியமா இருக்கறவங்ககிட்ட நோயைத் தேடக் கூடாது. ஆணையத்தோட கடமை உயரத்தைக் காப்பாத்தறது, அளக்கறது இல்ல."

"அப்போ இவன்?" என்று விதேனிஸைக் காட்டினேன்.

ஆணையம் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தது. தீர்ப்பை ஹென்ரிகாஸே வாசித்தார். பதிவேட்டில் உள்ள விதேனிஸ் 208. அவர் காயத்திலிருந்து தேறிவருகிறார். அவர் இடம் பாதுகாக்கப்படுகிறது, ஜனவரி முப்பத்தொன்று விதியும் அவருக்குப் பொருந்தாது. இங்கே நிற்பவர் எப்போதுமே 203 என்று செயலாளரே சாட்சி சொல்லியிருக்கிறார். ஆகவே இவர் அவர் அல்ல.

"அப்போ நான் யாரு சார்?"

"அதைக் கண்டுபிடிக்கறது எங்க ஆணையத்தோட அதிகாரத்துல வராது தம்பி. ஆனா பதிவு இல்லாதவங்க பயிற்சிக்கூடத்துக்குள்ள வரக் கூடாது. கம்பியிலயும் தொங்கக் கூடாது."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. விதேனிஸ் என் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தான். நான்கு மாதம் தொங்கவிட்டுக் கடைசியில் ஆளே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவன் அழுதுகொண்டிருந்தான், துடைக்கவும் இல்லை. நான் குறிப்பு எழுதிய தாளை மறுபடி படித்தேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். பதினேழு வருடம் காகிதத்தோடு குடும்பம் நடத்தியவளுக்கு ஆணையம் தன் வாயாலேயே அவனை அவிழ்த்துவிட்டது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

"டேய், நில்லு. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது 208. நீ அவன் இல்லைன்னு ஆணையமே முத்திரை குத்திக் கொடுத்திருக்கு. அப்போ உன்னை யாரும் கட்டி வெக்கல. கார்ல ஏறு."

"எங்க அக்கா?"

"கேட்டா இறங்கிடுவ. ராடுவாவுக்கு."

ராடுவா கிளப்பின் செயலாளரும் என்னைப் போல ஒரு தட்டச்சுக்காரிதான். மறுநாள் காலை அவள் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்: "உயரம்?"

"203."

"எங்க ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க. இருநூத்திப் பத்து போடட்டுமா?"

"203. நிஜம்."

"நெஜமா? இந்த ரிஜிஸ்டர்ல இது முதல் தடவை," என்று தட்டினாள். லீக் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா மட்டும் எனக்குப் போன் செய்து, அதே பெயர், அதே பிறந்த நாள், அதே அம்மா என்று இழுத்தான். உயரத்தைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தான். "ஆமா, வேற ஆள்தான்," என்று வைத்துவிட்டான்.

ஜனவரி முப்பத்தொன்று. ராடுவாவுக்கும் எங்களுக்கும் மேட்ச், ராடுவா அரங்கில். அரங்கம் முழுக்கப் பூண்டு தேய்த்துப் பொரித்த கறுப்பு ரொட்டி வாசனை. நான் எங்கள் பெஞ்சுக்குப் பின்னால், தலைவர் பக்கத்தில், குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தேன். எதிர் பெஞ்சின் கடைசியில் விதேனிஸ். முதல் குவார்ட்டர் போனது, இறக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவதும் போயின. புதுப் பையனை யார் நம்புவார்கள்? நான் கடிகாரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

கடைசி ஆறு நிமிடம் இருக்கும்போது ராடுவாவின் அந்த 207 ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியே வந்தான். மாற்றாக எழுந்து நின்ற விதேனிஸைத் தாண்டிப் போகும்போது அவன் தலை இவன் காது வரைக்கும்தான் இருந்தது. அரங்கத்தில் நாலாயிரம் பேர் அதைப் பார்த்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை.

விதேனிஸ் களமிறங்கினான். அந்தக் காலும் முட்டியும் விரலும் எதற்காக இத்தனை மாதம் ஆடிக்கொண்டிருந்தன என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. எங்கள் ஆள் பந்தை எறியும் முன்பே அது போகும் இடத்தில் இவன் நின்றான். பறித்தான், ஓடினான், போட்டான். திரும்பி வரும் வழியில் மறுபடி பறித்தான். ஒரு நிமிடம் கடந்ததும் நான் குறிப்பேட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். கண் மங்கி எழுத்துக் கோணலாக விழுந்தது. ஆறு நிமிடத்தில் பதினான்கு புள்ளி. கோச் ஸ்டாசிஸ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். உள்ளே சிரித்தாரா அழுதாரா தெரியாது.

நாங்கள் ஒன்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். தலைவர் ஆல்கிமண்டாஸ் களத்தில் நின்ற விதேனிஸை வெகு நேரம் பார்த்தார். அவனுக்குக் கையெழுத்துப் பேனா நீட்டியவர், நாலு மாதம் கொழுப்பு அனுப்பியவர். அவர் முகத்தை நன்றாகக் கவனித்தேன். கேலி இல்லை, நடிப்பும் இல்லை.

"டானுட்டே," என்றார், மனம் நொந்து. "நம்ம விதேனிஸ் மட்டும் இன்னிக்கு உடம்பு நல்லா இருந்து ஆடியிருந்தா, இந்தப் பையன ஒரு கூடை போட விட்டிருப்பானா?"

சுற்றி இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் வருத்தத்தோடு தலையாட்டினார்கள்.

"விட்டிருக்க மாட்டான் தலைவரே," என்றேன்.